எஞ்சின் ஆறும்வரை

பானட்டில் உள்ளங்கையை வைத்ததுமே தெரிந்துவிட்டது. நாங்கள் விலைக்குப் பார்க்க வருவதற்குச் சற்று முன்னால் யாரோ அந்தப் பழைய பிக்கப் வண்டியை ஸ்டார்ட் செய்து, ஓடவிட்டு, நிறுத்தியிருக்கிறார்கள். சித்திரை மாத வெயில் காலை ஒன்பதரைக்கே மேலப்பாளையத்துத் தெருக்களில் இறங்கிவிட்டது என்றாலும், வண்டி நின்றது வேப்பமரத்து நிழலில். அந்தச் சூடு வெயிலுடையது அல்ல.

“என்னங்க?” என்றாள் பெர்சிஸ். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம் ஆகிறது. நான் வாயைத் திறக்கும்வரை காத்திருந்தால் காரியம் நடக்காது என்று முதல் வருடமே தெரிந்துகொண்டவள்.

“சூடா இருக்கு.”

அவள் வண்டிக்காரப் பையன் பக்கம் திரும்பினாள். பெர்சிஸுக்கு அங்கன்வாடியில் வேலை. முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் உட்கார வைக்கிற குரல்.

“ஏன் தம்பி, நேத்து போன்ல என்ன சொன்னேன்? நாங்க வந்த பொறவுதான் ஸ்டார்ட் பண்ணணும்னு சொன்னேன்லா?”

சல்மான் ஃபாரிஸுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். மெத்தைக் கடைகளுக்கு லோடு அடிக்கிறவன். கையில் துடைக்கிற துணி இன்னும் ஈரமாக இருந்தது. “அக்கா, துடைக்கதுக்காக செட்டுல இருந்து இங்கன வரைக்கும் எடுத்தேன்க்கா. அஞ்சே நிமிசம்.”

“அஞ்சு நிமிசத்துல தோசைக்கல்லே காயாது தம்பி. இது முறுகிப் போய்க் கெடக்கு.”

அவன் சிரித்துவிட்டான். “சரி, இப்பமே ஸ்டார்ட் பண்ணிக் காட்டுதேன். அண்ணாச்சி, நீங்களே சத்தத்தக் கேளுங்க. ஒரு குத்தம் சொல்ல முடியாது.”

“ஆறட்டும்” என்றேன்.

“என்னது?”

“எஞ்சின் ஆறட்டும். பொறவு கேக்கேன்.”

“இந்த வெயில்ல அது ஆற மத்தியானம் ஆயிரும் அண்ணாச்சி.”

“இருக்கோம்.”

சூடான டீசல் எஞ்சினுக்குத் தன் குறைகளை மறைக்கத் தெரியும். இரும்பு விரிந்து இடைவெளிகளை அடைத்துக்கொள்ளும். ஆயில் இளகி எல்லா இடத்துக்கும் போயிருக்கும். சாவியைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். வாங்க வந்தவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். ஆறிக் கிடக்கிற எஞ்சினை முதல் தடவை திருப்பும்போதுதான் அது உள்ளதைச் சொல்லும்.

நான் பானட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக் கொடுத்து நிறுத்தினேன். டயர்களைப் பார்த்தேன். தரையில் மல்லாந்து படுத்து அடியில் நகர்ந்து சேஸியைத் தட்டிப் பார்த்தேன். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சீட்டுக்குப் புதுக் கவர் போட்டிருந்தார்கள். டேஷ்போர்டு பளபளத்தது. உள்ளே எலுமிச்சை வாசனை. ஏழு வருடம் மெத்தை சுமந்த வண்டிக்கு இவ்வளவு வாசனை எதற்கு என்று தோன்றியது.

சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். யாரும் அதை இடுப்பளவுக்குத்தான் இழுப்பார்கள். நான் அது நிற்கிற இடம்வரை, சுருளின் கடைசி வரை இழுத்தேன். கறுப்பு நாடாவின் அடிப்பகுதியில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்மண் கலந்த பழுப்பு நிறம் ஏறியிருந்தது. அதற்கு மேல் ஒரு கோடு, யாரோ ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

தாமிரபரணியின் வண்டல். வண்டியை எத்தனை முறை கழுவினாலும், சுருளுக்குள் ஒளிந்திருக்கிற அந்த ஒரு சாண் நாடாவை யாரும் கழுவுவதில்லை.

பெல்ட்டைப் பையத் திரும்ப விட்டேன். அது தானாகச் சுருண்டு உள்ளே போய்விட்டது. இறங்கி வந்து மரத்தடியில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பெர்சிஸிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போய்விடுவாள். அதில் தப்பும் இல்லை. வெள்ளத்தில் முங்கிய வண்டியை எங்கள் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள்.

ஆனால் எனக்கு இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது.

பதினோரு வருடம் நான் அருளப்பன் அண்ணாச்சியின் பிக்கப் ஓட்டினேன். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவர். தார்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி, நாகர்கோவில் என்று போகாத ரோடு இல்லை. வெள்ளம் வந்த அந்த டிசம்பரில், மழை நிற்காமல் பெய்த ஞாயிற்றுக்கிழமை, “வண்டிய மேட்டுல போடு” என்று அண்ணாச்சி போனில் சொன்னார். எங்கள் ஊர்க் கோயிலின் கிழக்குச் சுவரில், தொண்ணூற்றிரண்டாம் வருடத்து வெள்ளம் ஏறின உயரத்தைச் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோட்டைத் தாண்டித் தண்ணீர் வராது என்பது எங்களுக்கு வேத வசனம் மாதிரி. நான் வண்டியை அந்தக் கோட்டுக்கும் மேலே, கோயில் படியை ஒட்டிய மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். கோட்டைப் பார்த்து, டயரைப் பார்த்து, திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

தண்ணீருக்குக் கோடு தெரியவில்லை.

மூன்றாம் நாள் வடிந்தபோது வண்டி சேற்றுக்குள் நின்றது. அண்ணாச்சி முழங்கால் சேற்றில் நடந்து வந்தார். ஒரு வார்த்தை பேசாமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. மௌனம் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் இன்னொருவருடைய மௌனத்துக்கு முன்னால் நிற்கிறபோது நானும் எல்லாரையும் போலத்தான். ஒன்றும் ஆகவில்லை, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று அவருக்குக் காட்ட வேண்டும் போலிருந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

‘டொக்’ என்று ஒரு சத்தம். ஒன்றே ஒன்று. எலும்பு முறிகிற மாதிரி.

எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது திருப்பக் கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டனைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இது எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும் திருப்பினேன்.

“முங்குனதுக்கு உன்னயக் குத்தம் சொல்லமாட்டேன் இஸ்ரவேலு” என்றார் அண்ணாச்சி. “ஊரே முங்கிட்டு. திருப்புனே பாரு, அதுக்குத்தான்.” கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு யாரும் என்னிடம் சாவி தரவில்லை. அதே மண்டியில் மற்றவர்கள் வண்டிக்குத் தார் ஏற்றிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்ததும் நேராக மெக்கானிக் அம்மையப்பனின் பட்டறைக்குப் போவேன். யாரும் கூப்பிடவில்லை. அண்ணாச்சியின் எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார். வளைந்துபோன அந்த ராடைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். “ஏலே, அதப் பாத்து அழுதா நிமிருமா? அந்த டீசல் டேங்கக் கழுவு” என்றார். கழுவினேன். அடுத்தடுத்து முங்கிய வண்டிகளாக வந்தன. நாற்பதுக்குக் குறையாது. இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுவது, பால் மாதிரி வெளுத்துப்போன ஆயிலை வடிப்பது, வீல் பேரிங்கில் சேற்றை வழிப்பது எல்லாவற்றிலும் என் கை இருந்தது. ஒரு கட்டத்தில் எனக்கே தெரியாமல் என் காது பழகிவிட்டது. தண்ணீருக்குள் திருப்பின எஞ்சினுக்கும் திருப்பாத எஞ்சினுக்கும் சத்தம் வேறு. எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் வேறுதான். அம்மையப்பனே சில சமயம் என்னைக் கூப்பிட்டு, “எப்படிவே இருக்கு?” என்பார். நான் கேட்டுவிட்டுச் சொல்வேன். ஆனாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகிற ஆள் வேறு யாராவதாகத்தான் இருக்கும்.

பெர்சிஸ் இரண்டு வருடம் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள். “ஒருத்தனும் சாவி தரலைன்னா நாமளே ஒண்ணு வாங்குவோம்.” அவள் சேர்த்து வைத்ததெல்லாம் இப்போது அவள் மடியிலிருந்த அந்தக் கைப்பையில் இருக்கிறது. இதையும் நான் தவறாகக் கணித்தால், இரண்டு வண்டிகளைக் கெடுத்தவன் ஆகிவிடுவேன். இரண்டாவது என் மனைவியுடையது.

பதினோரு மணிக்கு உள்ளேயிருந்து நன்னாரி சர்பத் வந்தது. சல்மானின் அம்மா கதவோரம் நின்று, “குடிங்கம்மா, வெயிலு கொல்லுது” என்றார். பெர்சிஸ் குடித்துக்கொண்டே பையனை விசாரித்தாள். சவூதியில் தம்மாமுக்கு விசா வந்திருக்கிறது, அடுத்த மாதம் போகிறான், வாப்பாவால் வண்டியைப் பார்த்துக்கொள்ள முடியாது, அதனால்தான் விற்கிறான். அவன் என்னிடமும் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். பாட்டுப்பெட்டி புதிது என்றான். பின்னால் தார்ப்பாய்க் கம்பி எக்ஸ்ட்ரா என்றான். நான் கேட்டுக்கொண்டேன்.

“அக்கா, அண்ணாச்சி பேசவே மாட்டாவளா?”

“பேசுவாவ தம்பி. வருசத்துக்கு ரெண்டு தடவ. கிறிஸ்மஸுக்கு ஒண்ணு, ஈஸ்டருக்கு ஒண்ணு. ஈஸ்டரு இப்பதான் முடிஞ்சிட்டு.”

அவன் சிரித்தான். ஆனால் சிரிப்பு முடிவதற்குள் கண் என் பக்கம் வந்து, வண்டியின் கதவுப் பக்கம் போய், திரும்பி வந்தது. பிறகு அவனும் பேசுவதை விட்டுவிட்டான். மரத்திலிருந்து வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது. திறந்து கிடந்த எஞ்சினுக்குள் இரும்பு குளிரக் குளிர ‘டிக், டிக்’ என்று சத்தம் போட்டது. அதன் இடைவெளி நீண்டுகொண்டே வந்தது. எனக்கு அந்த மாதிரிக் காத்திருப்பு பிடிக்கும். அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது. நாற்காலியில் நான்கு தடவை மாறி மாறி உட்கார்ந்தான்.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வெள்ளிக்கிழமை. சல்மான் எழுந்தான்.

“அண்ணாச்சி, ஜும்ஆவுக்குப் போயிட்டு வந்துருதேன். சாவி இந்தாங்க.”

என் கையில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு வருடத்துக்குப் பிறகு என் உள்ளங்கையில் ஒரு வண்டிச் சாவி. நான் விரல்களை மூடவில்லை. திறந்த கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவன் வரதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணிப் பாத்துருவோமா?” என்றாள் பெர்சிஸ் மெல்லிய குரலில்.

“அவன் வரட்டும்.”

“நீங்க எதையோ கண்டுட்டிய.”

நான் பானட்டுக்குள் எட்டிப் பார்த்தேன்.

“நல்லதா, கெட்டதா?”

“இன்னும் தெரியல.”

“உங்களுக்குத் தெரியலன்னா அது கெட்டதுதான்.” ஆனால் எழுந்து போகவில்லை. கைப்பையை மட்டும் மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

சல்மான் திரும்பி வரும்போது தலையில் தொப்பி அப்படியே இருந்தது. உட்காரவில்லை. எனக்கு நேராக வந்து நின்றான்.

“அண்ணாச்சி, நீங்க பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தத நான் பாத்தேன்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம உக்காந்திருக்கிய. காலையில இருந்து. நாலு வார்த்த திட்டிட்டுப் போயிருந்தியன்னா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். அங்க தொழுகையில நிக்கேன், மண்டைக்குள்ள நீங்க நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கிய.” அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் கசக்கினான். “முங்குன வண்டிதான். ஆத்தோரத்துக் குடோன்ல நின்னுச்சு.”

பெர்சிஸ் எழுந்தே விட்டாள். “முங்குன வண்டியா! ஏன் தம்பி, இவ்வளவு நேரம் உக்கார வச்சி, சர்பத்துக் குடுத்து, எங்கள என்ன கேணையன்னு நெனச்சியா?”

“சர்பத்து உம்மா குடுத்தது அக்கா. அதுல ஒரு களவும் இல்ல.”

“வாங்க, போவோம்” என்றாள் என்னிடம்.

நான் எழுந்தேன். ஆனால் பையன் பக்கம் திரும்பினேன். காலையிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

“தண்ணி வடிஞ்ச பொறவு, திருப்புனியா?”

“என்னத்த?”

“சாவிய. ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?”

“எங்க பாக்க? சாவியே இல்லியே அண்ணாச்சி!” என்றான் அவன். அந்தக் குரலில் இரண்டு வருடத்துக்கு முந்தைய எரிச்சல் அப்படியே இருந்தது. “வாப்பா சட்டப் பையில சாவிய வச்சி, சட்டயக் குடோன்ல ஆணியில மாட்டிட்டு, தண்ணி வருதுன்னதும் வெறும் பனியனோட ஓடி வந்துட்டாவ. சட்டையும் போச்சு, சாவியும் போச்சு. இன்னொரு சாவி மெட்ராஸ்ல மச்சான்கிட்ட. ரயிலும் ஓடல, பஸ்ஸும் ஓடல. அது வந்து சேர பதினோரு நாளு. அதுக்குள்ள மெக்கானிக் வந்து எல்லாத்தயும் கழட்டித் தண்ணிய எடுத்துட்டாரு. அந்தப் பதினோரு நாளும் வாப்பா என்னயப் போட்டு ஏசுன ஏச்சு இருக்கே! சாவியத் தொலச்சது அவங்க, ஏச்சு எனக்கு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெர்சிஸ் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். நான் சிரித்து அவளுக்கே வெகுநாள் ஆகியிருக்கும்.

அவன் சொல்வது பொய்யாகவும் இருக்கலாம். வாயால் எதையும் சொல்லலாம். எஞ்சின் பக்கத்தில் போய் பிளாக்கின் மேல் கையை வைத்தேன். இப்போது அதில் இருந்தது வெயிலின் சூடு மட்டும்தான்.

“ஆறிட்டு” என்றேன்.

ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் பாதி திருப்பி, டேஷ்போர்டில், சிலிண்டர் சூடேறுவதைக் காட்டுகிற சுருள் விளக்கு எரிந்து அணையும்வரை காத்திருந்தேன். என் காதுக்குள் அந்த ‘டொக்’ தயாராக இருந்தது. இரண்டு வருடமாக அது அங்கேயே குடியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன்.

ஒரு சுற்று. இரண்டு. பிடித்துக்கொண்டது.

முதலில் ஆறின டீசலுக்கே உரிய கரகரப்பு, தூங்கி எழுந்தவன் தொண்டையைச் செருமுவதுபோல. அது இயல்புதான். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நான்கு சிலிண்டர். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எதுவும் தயங்கவில்லை. எதுவும் நொண்டவில்லை. நான்கும் ஒரே எடையில் காலெடுத்து வைத்தன. இறங்கிப் போய் ஆயில் மூடியைத் திறந்து அந்த வாயின்மேல் உள்ளங்கையைக் காட்டினேன். காற்று முட்டித் தள்ளவில்லை; சிலிண்டர் கெட்டிருந்தால் தள்ளும். சைலன்சரின் பின்னால் குந்தினேன். முதல் மூச்சில் வந்த கொஞ்சம் வெள்ளைப் புகை அதற்குள் தெளிந்துவிட்டது. வெகுநேரம் அங்கேயே இருந்தேன். பெர்சிஸும் சல்மானும் என் முதுகுக்குப் பின்னால் மூச்சு விடாமல் நிற்பது தெரிந்தது.

எழுந்து பெர்சிஸிடம் வந்தேன்.

“முங்குன வண்டிதான். ஆனா தண்ணிக்குள்ள யாரும் திருப்பல. ராடு ஒண்ணும் வளையல. பேரிங்கு, கிரவுன் ஆயிலு, ஒயரு எல்லாம் ஒரு தடவ பிரிச்சிப் பாக்கணும், அத நான் பாத்துக்கிடுவேன். முங்கலன்னு சொல்லி ஊர்ல எவனாவது நாலு வண்டி விப்பான், அதுல எது திருப்புனது எது திருப்பாததுன்னு நமக்குத் தெரியாது. இதுல தெரியும். வேற யாரும் இத வாங்கமாட்டாவ. நான் வாங்குவேன்.”

அவள் என்னையே பார்த்தாள். “இவ்வளவு பேசுனதுக்கு அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் வாயத் திறக்கமாட்டிய போலயே.” பிறகு கேட்டாள். “உறுதியா?”

“உறுதி.”

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு சல்மானுக்கு எதிரே உட்கார்ந்தாள். “சரி தம்பி, வெலயப் பேசுவோம். காலையில நீ சொன்னது முங்காத வண்டிக்கு. இப்பம் முங்குன வண்டிக்குச் சொல்லு.”

அதன் பிறகு நடந்ததில் எனக்கு வேலை இல்லை. ஒரு கட்டத்தில் அவன் உம்மாவைக் கூப்பிட்டான். உம்மா வந்து, கேட்டுவிட்டு, பெர்சிஸ் பக்கம் பேசினார்.

பேர் மாற்றுகிற வேலை முடிய மூன்று வாரம் ஆனது. அதுவரை வண்டி அம்மையப்பன் பட்டறையில் நின்றது. பின் அச்சின் கிரவுன் பெட்டியையும் நாலு வீலையும் பிரித்தேன். சேறு தங்குகிற இடத்தில் சேறு இருந்தது. கெட்டுப்போனது ஒன்றும் இல்லை. அம்மையப்பன் ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டார். என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார். கிரீஸ் கை. அந்தச் சட்டை இன்னும் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டு போகிற அன்று பெர்சிஸ் லீவு போட்டிருந்தாள். பட்டறைத் தெருவைத் தாண்டியதும் ரோட்டின் இருபக்கமும் வாழை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஐயர் வந்து வண்டிக்கு ஜெபம் பண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார், அதற்குள் பின்பக்கம், இம்மட்டும் கர்த்தர் உதவினார் என்கிற பொருளில் ‘எபெனேசர்’ என்று எழுத வேண்டும், நீல எழுத்தா, மஞ்சளா என்று அவள் பேசிக்கொண்டே வந்தாள். நான் நான்கு சிலிண்டரையும் கேட்டுக்கொண்டே வந்தேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் மண்டி வாசலைக் கடக்கும்போது அருளப்பன் அண்ணாச்சி வெளியே நின்றார். கடந்து போயிருக்கலாம். நான் பிரேக்கை மிதித்தேன்.

“ஏலே, யாரு வண்டி இது?” என்றார்.

பெர்சிஸ் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

“எங்க வண்டி அண்ணாச்சி.”

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைப் பார்த்தார். கதவு இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். நாற்பது வருடம் வியாபாரம் செய்தவர். “முங்குனதோ?”

மண்டிக்குள்ளிருந்து தார் ஏற்றுகிறவர்களும் டிரைவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நேற்றுவரை நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான்.

“முங்குனதுதான்” என்றேன் எல்லாருக்கும் கேட்கும்படி. “திருப்பாதது.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்டார். கேட்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. இந்தத் தடவை அவருடைய மௌனம் என்னை எதையும் செய்யச் சொல்லவில்லை. நான் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, அவர் முடிக்கும்வரை இருந்தேன்.

“நாளைக்குத் தூத்துக்குடிக்கு ஒரு லோடு கெடக்கு” என்றார் கடைசியில். “வாடகைக்கு வாரியா?”

“வண்டிக்கார அம்மாகிட்டக் கேளுங்க” என்றேன்.

“கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்றாள் பெர்சிஸ், தனக்குள் யாரையோ கேட்க வேண்டியிருப்பதுபோல மிகக் கம்பீரமாக. மண்டிக்குள் யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார்.

ஊருக்குத் திரும்புகிற ரோட்டில் ஏறியதும் அவள் சீட் பெல்ட்டை இழுத்துப் போட்டாள். தேவைக்கு அதிகமாகவே இழுத்துவிட்டாள். அந்தப் பக்கத்துப் பெல்ட்டிலும் அதே பழுப்புக் கோடு வெளியே வந்து அவள் தோளோரம் நின்றது.

“இதக் கழட்டித் துவைச்சிரணும்” என்றாள்.

“வேண்டாம். கெடக்கட்டும்.”

கொஞ்ச தூரம் வரை அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு பெல்ட்டை விட்டாள். அது பையச் சுருண்டு உள்ளே போயிற்று.